மூணாவது தரம் கூப்பிடு, ரேவு

என் கண்ணு ரேவு,

'நலமா?' என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று சாந்தி டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

உன் நைனாதான் எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன், நம்புவாயா? நான் ஒரு வரி முடிப்பதற்குள் உன் அம்மா ராத்திரிச் சமையலுக்கு வேண்டிய காயை எல்லாம் நறுக்கி முடித்துவிடுகிறாள். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் எழுதி முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். "இன்னாய்யா, தனியா இளிச்சிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

எங்கள் முதியோர் வகுப்பின் ஆண்டு மலரில் இதைப் போடப் போகிறார்களாம். பிழைகளை டீச்சர் திருத்திவிடுவார். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'இதெல்லாம் எனக்குத் தெரியாதா நைனா?' என்று கோபப்படாதே.

நான் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் லிஃப்ட் மேனாக இருந்தவன். ஒரு ஸ்டூல், ஒரு கம்பிக் கதவு, ஒரு பெல். பெல் அடித்தால் அந்த மாடிக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும். இரண்டாவது தரம் அடிக்க விட்டால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே கை போய்விடும். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினால்கூட என் வலது கை எதையோ பிடித்து இழுக்கப் போகும்.

நம் வீடு மயிலாப்பூரில் ஹவுசிங் போர்டு கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கே லிஃப்ட் கிடையாது. கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களை எல்லாம் நாள் முழுக்க மேலே ஏற்றிவிட்டு, வீட்டுக்கு நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வருவேன். "ஊருக்கெல்லாம் லிஃப்ட்டு, எங்க நைனாக்குப் படிக்கட்டு" என்று நீ மேலே நின்று பாடுவாய்.

மேலே வந்து சேர்ந்தாலும் கதவு உடனே திறக்காது. அது உன் அம்மா போட்ட சட்டம். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் திறக்க வேண்டும். பேய் தெரிந்தவர்கள் குரலில் ஒரு தரம் கூப்பிடும், இரண்டு தரம் கூப்பிடும். மூன்றாவது தரம் கூப்பிட அதற்குத் தெம்பு இருக்காதாம். நான் வெளியே நின்று "ரேவு" என்பேன். உள்ளேயிருந்து நீ "ஒண்ணு!" என்பாய். "கஸ்தூரி, கால் வலிக்குதுடி, நான்தான்" என்பேன். "அதையுந்தான் பேய் சொல்லும்" என்பாள் உன் அம்மா. நீ சிரிப்பை அடக்க முடியாமல் "ரெண்டு!" என்று கத்துவாய்.

நீ வளர்ந்து வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்ப ஆரம்பித்தபோது நான் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மதித்ததில்லை. நீ "நைனா" என்று பாதி சொல்வதற்குள் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன். "பேய் வந்தா மொதல்ல உன்னத்தான் தூக்கினு போவும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாய்.

கிண்டியில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் உனக்கு வேலை. யாராவது என்ன வேலை என்று கேட்டால் "எம் பொண்ணு பேய் செய்யிறா" என்று சொல்வேன். பொய் இல்லையே. பனிமூட்டம் பிடித்த ஒரு ஊர். அதில் மாட்டிக்கொண்ட ஒருத்தன். டார்ச்சில் பேட்டரி போதாது, துப்பாக்கியில் குண்டு போதாது. சண்டை போடுவதைவிட ஒளிந்து உயிர் பிழைப்பதுதான் விளையாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் டிவியில் அதை ஆடிக் காட்டினாய். அவன் ஓடி ஓடி ஒரு பாழடைந்த ஜவுளிக் கடைக்குள் நுழைந்தான். அங்கே ஒரு லிஃப்ட் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு ஸ்டூல். ஆள் இல்லை. அவன் பாட்டுக்கு அதைத் தாண்டி ஓடினான். நான் விடவில்லை.

"நில்லும்மா. லிஃப்ட் மேன் எங்க?"

"டீ குடிக்கப் போயிருப்பாரு நைனா."

"டூட்டில ஸ்டூல வுட்டுட்டு எவன் டீக்குப் போவான்? அந்தாளு இன்னா ஆனான், சொல்லு."

"அவரு கதைலயே இல்ல. சும்மா ஒரு ஸ்டூலு."

"சும்மா எவனும் ஸ்டூல் போட மாட்டான்."

நீ என்னையே பார்த்தாய். அந்தப் பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். பிறகு எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதக் கற்றுக்கொண்டது அதற்காக இல்லை.

அதற்கு மறுவருடம், தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம், உன் ஆபீஸ் சிநேகிதி நஸ்ரீன் வந்தாள். ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கையில் கறுப்பாக ஒரு பெட்டி. டிவியோடு அதைப் பொருத்தி, விளையாடுகிற ரிமோட்டை என் கையில் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"அங்கிள், இது ரேவதி கடைசியா பண்ணது. பெரிய கேம் இல்ல. அந்தப் பெரிய கேம் வெச்சிருக்கிறவங்க அதோட சேத்து டவுன்லோட் பண்ணிக்கிற சின்னக் கதை. ரெண்டு மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"இன்னா கதைம்மா?"

"ஒரு காலி ஸ்டூல் இருக்குமே, ஞாபகம் இருக்கா? அதுல உட்கார்ந்திருந்தவரு எங்க போனாருன்னு கதை."

எனக்கு உடனே எங்காவது உட்கார வேண்டும் போல இருந்தது, ரேவு. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

அவள் வந்தது அதற்கு மட்டும் இல்லை. "கடைசில ஒரு குரல் வரும் அங்கிள். பேயோட குரல். நடிக்கிறவங்க வர்றதுக்கு முன்னாடி, அளவு பாக்கறதுக்காக நாங்களே பேசி வெப்போம். இதுல ரேவதிதான் பேசியிருக்கா. அத மாத்திட்டு வேற யாரையாவது பேச வெக்கலாம். இல்ல, அப்படியே விடலாம். நீங்க ரெண்டு பேரும் சொல்றதுதான் முடிவு. பொங்கலுக்கு வெளிய வருது. அதுக்கு முன்னாடி சொல்லணும்."

உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"எம் பொண்ணு பேயா?"

"ஆன்ட்டி, அது வந்து..."

"செத்தவள பேயா வெச்சி உலகம் பூரா வித்துக்கினு இருப்பீங்களா? மாத்திடு. இப்பவே போன் போட்டு மாத்தச் சொல்லு."

நஸ்ரீன் அழுதுவிட்டாள். "மாத்திடறேன் ஆன்ட்டி. ஆனா ஒரே ஒரு வாட்டி கடைசி வரைக்கும் கேட்டுட்டுச் சொல்லுங்க. கடைசி வரைக்கும். அதுல என்ன வருதுன்னு நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் முன்னாடியே சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

"நான் கேக்க மாட்டேன்" என்றாள் உன் அம்மா.

"நான் கேக்கறேன்" என்றேன் நான்.

சொல்லிவிட்டேனே தவிர, முதல் நாளே மாட்டிக்கொண்டேன். எனக்கு நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. உனக்கா தெரியாது? எத்தனை வருடம் சிலேட்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாய். நானும் முழங்கால் வலி, கண் வலி என்று தப்பித்துக்கொண்டே இருந்தேன். உன் விளையாட்டில் லிஃப்ட்டுக்குள் போய் நின்றேன். பொத்தான்களைப் பார்த்தேன். ஒரு நம்பர்கூட இல்லை! எல்லாம் எழுத்து. தப்பான பொத்தானை அழுத்தினால் கதவு திறந்ததும் பேய் நிற்கிறது.

நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். "லிஃப்ட்ல நம்பர் போட மறந்துட்டீங்களேம்மா."

நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். "நானும் கேட்டேன் அங்கிள். நம்பர் போட்டா எங்க நைனா ஜென்மத்துக்கும் படிக்க மாட்டாருன்னு சொன்னா."

ஒரு ஆளைப் படிக்க வைப்பதற்காக யாராவது பேயை விட்டுத் துரத்துவார்களா, ரேவு?

மறுநாளே மாநகராட்சிப் பள்ளியில் மத்தியானம் நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் பஸ் போர்டு படிக்க என்றார். ஒரு அம்மா பேங்கில் கையெழுத்துப் போட என்றார். என் முறை வந்தது. "பேய்கிட்ட இருந்து தப்பிக்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா விடவில்லை. "பெருசு, பேய்க்கு எழுத்து தெரியுமா?" என்றாள். "தெரியாது. அதான் நான் கத்துக்கினா தப்பிச்சிக்கலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

'பட்டு' என்று முதல் பொத்தானை நானே படித்த நாள் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல? ப, ட், டு. அழுத்தினேன். லிஃப்ட் மேலே போனது. கதவு திறந்தது. அடுக்கடுக்காகப் பட்டுப் புடவை! நான் எழுந்து நின்று கைதட்டினேன். அதற்குள் பின்னாலிருந்து ஏதோ வந்து என்னைக் கொன்றுவிட்டது. அதனால் என்ன? பட்டு என்று படித்தவன் நான்தானே.

உன் லிஃப்ட் மேனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். படி ஏறினால் 'யப்பா' என்கிறான். துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு டார்ச்சும் லிஃப்ட் சாவியும் மட்டும்தான். லிஃப்ட்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் எந்தப் பேயும் உள்ளே வராது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மறுபடியும் ஆடலாம். வெளியே புடவை கட்டி நிறுத்தி வைத்த பொம்மைகள். டார்ச்சை வேறு பக்கம் திருப்பினால் அவை ஒரு அடி நகர்ந்துவிடும்.

அதில் ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. எங்கள் கடை வாசலில் கைகூப்பி நின்ற பொம்மைக்கும் மூக்கு உடைந்திருக்கும். நான் அதற்கு சரோஜா என்று பேர் வைத்திருந்ததை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன். இருட்டில் அந்த முகத்தைப் பார்த்ததும் பயத்தைவிடச் சந்தோஷம்தான் வந்தது. "சரோஜா, நான்தாம்மா" என்றேன். அடித்தே கொன்றுவிட்டாள்.

இப்படிச் செத்துச் செத்துக் கடைசிக்கு வந்து சேர்ந்தேன். மார்கழி பிறந்துவிட்டது. கோயில் பக்கம் காலையில் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. நான் மத்தியானத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் ஆடுவேன். வெளிச்சம் இருந்தால் டிவியில் இருட்டு தெரியாது.

கடைசியில் கரண்ட் போய்விடுகிறது. லிஃப்ட் நின்றுவிடுகிறது. இதுவரை காப்பாற்றிய லிஃப்ட்டுக்கு மேலே கம்பிக் கயிறு ஒவ்வொரு இழையாக அறுகிற சத்தம். கம்பிக் கதவுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து குரல் வந்தது.

"அப்பா."

உன் குரல்.

நீ ஒரு நாளும் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து நைனாதான். ஆனாலும் அது உன் குரல், ரேவு. லேசாகச் சளி பிடித்த மாதிரி, ரொம்ப மெதுவாக. எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள் உட்கார்ந்து நீ போனில் எதையோ பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தாய். "ஃபேன நிறுத்து நைனா. கொஞ்ச நேரம் மூச்சுகூட வுடாத." வியர்த்து வழிய நான் அறை வாசலில் நின்றேன். சத்தமே இல்லாத அந்த வீடு இப்போது இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. அதில் நீ இருந்தாய். வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும்.

என் கட்டைவிரல் ரிமோட்டில் கதவுப் பொத்தானை அழுத்திவிட்டது. கதவு திறந்தது. புடவை சுற்றிய ஏதோ ஒன்று மேலே விழுந்தது. செத்துப்போனேன்.

மறுபடியும் ஸ்டூல். மறுபடியும் கயிறு அறுகிற சத்தம். "அப்பா." மறுபடியும் திறந்தேன். அடுத்த நாளும் அதேதான். திறந்தால் சாவு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நீ கூப்பிட்டு நான் என்றைக்கு உன்னை இரண்டாவது தரம் கூப்பிட விட்டிருக்கிறேன்?

இதையும் சொல்லிவிடுகிறேன். சில நாட்கள் கதையை முடிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பேன். சாவேன். மறுபடியும் கேட்பேன். திரைச்சீலைக்கு வெளியே வெயில் நகர்ந்து போய்விடும். உன் அம்மா அடுப்படியில் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள். பாத்திரம் ஒன்றும் இருக்காது, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் நீ இருந்தபோதுகூட உன் குரல் அத்தனை தரம் கேட்டதில்லை. ஆனால் வீடு நாளுக்கு நாள் இன்னும் காலியாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் நஸ்ரீன் போன் செய்தாள். நாளைக்குள் சொல்லியாக வேண்டும் என்றாள். உன் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, "மாத்திடும்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றோம்" என்று வைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கடைசி வரைக்கும் கேக்கறேன்னு சொன்னியே, கேட்டியா?"

"கதவு தொறந்துடுதுடி."

"அதுவா தொறக்குதா, நீ தொறக்கறியா?"

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"நான் அந்தாண்ட நின்னு எண்ணிக்கினுதான்யா கீறேன், இத்தினி நாளா. ஒண்ணு. அவ்ளோதான். ஒண்ணுக்கு மேல போவவே இல்ல." அவள் குரல் உடைந்தது. "மூணு தரம்னு நான் போட்ட சட்டம். எம் பொண்ணு மறக்கல. அவ்ளோ தூரம் போயி அதக் கதைல வெச்சிருக்குது. நீதான் மறந்துட்ட."

ரேவு, எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

"ரெண்டாவது வரைக்கும் என்னால தாங்க முடியாது கஸ்தூரி."

"தெரியும். வருசக்கணக்கா பெல்லுக்குத் தொறந்த கை. கொண்டா இங்க."

அவள் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். நீ போன பிறகு அந்த டிவி முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். என் கட்டைவிரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கறிவேப்பிலை வாசனை அடித்தது. இன்னொரு கையால் நான் ஆட்டத்தை ஆரம்பித்தேன்.

கரண்ட் போனது. கயிற்றின் முதல் இழை அறுந்தது.

"அப்பா."

என் விரல் துடித்தது. அவள் அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணு" என்றாள்.

லிஃப்ட் ஒரு பக்கம் சாய்ந்தது. உன் லிஃப்ட் மேன் மூச்சு வாங்கினான். அவன் கை கதவை நோக்கிப் போய்ப் போய்த் திரும்பியது. இன்னொரு இழை அறுந்தது.

"அப்பா..."

இந்தத் தடவை அது கெஞ்சியது. நான் அழுதுவிட்டேன். "வுடுடி, குழந்த வெளிய நிக்குது" என்றேன். "ரெண்டு" என்றாள் உன் அம்மா. அவள் நகம் என் விரலில் பதிந்தது. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பிறகு ஒன்றுமே இல்லை. டிவி முழுக்க இருட்டு. கயிற்றுச் சத்தம்கூட நின்றுவிட்டது. முடிந்துபோய்விட்டது, இனி குரலே இல்லை என்று நினைத்தேன். அப்போது தூரத்தில் படியில் செருப்புச் சத்தம். டப் டப்பென்று, உன் நடை. கதவைத் தட்டுகிற சத்தம்.

"நைனா! யோவ் நைனா! காது கேக்கலியா? மழைல தொப்பலா நனைஞ்சிட்டு வந்து நிக்கறேன், கதவத் தொற! யம்மா! மூணு தரம் ஆயிடுச்சி, எண்ணுனது போதும், எந்திரிச்சி வா!"

"தோ வந்துட்டேண்டி!"

உன் அம்மா என் விரலை விட்டாள். எழுந்தாள். டிவி பக்கம் திரும்பவே இல்லை. நேராக நம் வாசல் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துத் திறந்தாள்.

அதே நேரத்தில் என் விரல் அழுத்தியது.

டிவியில் கம்பிக் கதவு திறந்தது. வெளியே ஜவுளிக் கடை இல்லை. நம் வராந்தா. ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. கண் சிமிட்டுகிற அதே டியூப் லைட், நீலக் கதவு, அம்மா போடும் சின்னக் கோலம். வாசலில் உன் செருப்பு, ஈரமாக. ஈரக் கால் தடம் வீட்டுக்குள் போயிருந்தது. நீ இல்லை. லிஃப்ட் மேன் காலை இழுத்து இழுத்து நடந்து போனான். தன் செருப்பைக் கழற்றி உன் செருப்புக்குப் பக்கத்தில் விட்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் டீ குடிக்கப் போகவில்லை. வீட்டுக்குப் போயிருக்கிறான். லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி வரைக்கும் எனக்கு ஒரு லிஃப்ட் போட்டுக் கொடுத்துவிட்டாய்.

நான் திரும்பிப் பார்த்தேன். இங்கேயும் அதே வராந்தா, அதே நீலக் கதவு. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ காயப்போட்ட போர்வை காற்றில் ஆடியது. உன் அம்மா வாசலில் ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். வழி விட்டு ஒதுங்கித்தான் நின்றாள். யாரோ உள்ளே வருவதற்கு இடம் விட்ட மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். டிவியில் பேர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரேவதி ஏகாம்பரம். உன் பேரும் என் பேரும் பக்கத்தில் பக்கத்தில். அது மேலே போய் மறைகிற வரைக்கும் விரலால் காட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் உன் அம்மாவே நஸ்ரீனுக்குப் போன் போட்டாள். "மாத்த வேணாம்மா. பேய் ரெண்டு தரம் கூப்டுட்டுப் போயிடுச்சி. அப்புறம் வந்தது எம் பொண்ணு" என்றாள்.

பொங்கலுக்கு அது வெளியே வந்தது. எங்கோ பனி கொட்டுகிற ஊரிலிருந்து ஒருவர், நைனா என்றால் என்ன என்று கேட்டு எழுதியிருந்தாராம். நஸ்ரீன் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நம்மூர்ப் பசங்கள் அந்தக் கதவைத் திறக்காமல் காத்திருக்கிறார்களாம். அவர்கள் வீட்டிலும் இந்தச் சட்டம் இருந்திருக்கும் போல. என்னை மாதிரி முதல் குரலுக்கே திறந்து செத்தவர்களும் நிறையப் பேராம். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அடிக்கடி நினைப்பு வருகிறது. அவர்களை யார் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டார்களோ?

நேற்று ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். விளக்கு வைத்துவிட்டு உன் அம்மா கீழே குடிதண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். டிவி அணைந்திருந்தது. வாசலுக்கு வெளியே, ரொம்பப் பக்கத்தில், "அப்பா" என்று ஒரு குரல். லேசாகச் சளி பிடித்த மாதிரி.

கீழ் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அவளும் அவள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறாள். என் கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது. நான் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். ஒண்ணு என்று சொல்லிக்கொண்டேன். கதவில் காதை வைத்து நின்றேன். இரண்டாவது தரம் வரவில்லை. உன் அம்மா குடத்தோடு வந்து வெளியே நின்று மூன்று தரம் கூப்பிடுகிற வரைக்கும் நான் அங்கேதான் நின்றேன்.

நான் திறக்கவில்லை, ரேவு. உனக்கு நான் சொல்ல வேண்டியது அதுதான். நீயாக இருந்திருந்தால் நைனா என்று கூப்பிட்டிருப்பாய். கதவை உதைத்திருப்பாய்.

இனி அவசரப்பட்டு யாருக்கும் திறக்க மாட்டேன். வாசலை விட்டும் நகர மாட்டேன். எத்தனை மழைக்காலம் ஆனாலும் சரி, உனக்கு முடிகிறபோது வா. மூணாவது தரமும் கூப்பிடு. தாழ்ப்பாளை நான் எடுப்பேன், எண்ணுவதை உன் அம்மா நிறுத்துவாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உன் நைனா,
ஏகாம்பரம்